இல்லாத சுவரின் தடம்

பழைய வீடு ஒன்றில் குடியிருப்போரையும் அதை வாங்க வருவோரையும் ஒருசேரக் குழப்புபவை, எதற்காக வைக்கப்பட்டன என்று சொல்ல ஆளில்லாமற்போன அமைப்புகளே. எந்த மாடிக்கும் கொண்டு சேர்க்காத படிக்கட்டு, சுவரின் நடுவே கதவின்றி நிற்கும் மரநிலை, தட்டிப் பார்த்தால் ஓரிடத்தில் மட்டும் வெற்றோசை எழுப்பும் பூச்சு, வெளியே அளந்தால் ஒரு நீளமும் உள்ளே அறை அறையாக அளந்து கூட்டினால் அதைவிடக் குறைந்த நீளமுமாகக் கணக்குக்குள் அடங்காத கூடம் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றைக் கண்டதும் மனம் புதையலையும் கள்ள அறையையும் நோக்கி ஓடுவது இயல்பு. ஆயினும் கட்டடங்களை ஆராய்வோரின் அனுபவம் வேறொன்றைச் சொல்கிறது: மறைக்க வேண்டும் என்று மறைக்கப்பட்டவை சில, பயன் முடிந்தபின் மூடப்பட்டு, மூடியவரோடு சேர்ந்து காரணமும் மறைந்துபோனவையே பல.

பாரத்தைத் தாங்குவதற்கன்றி, எதையேனும் மூடுவதற்காகவோ பிரிப்பதற்காகவோ பின்னாளில் எழுப்பப்படும் சுவரைப் போலிச்சுவர் எனலாம். தமிழர் வாழும் ஊர்களில் இத்தகைய சுவருக்கு அடிப்படையாக அமைந்த காரணங்களுள் ஒன்று பாகப்பிரிவினை. அண்ணனும் தம்பியும் ஒரே நாற்சார் வீட்டைப் பங்கிட்டுக்கொண்டபோது இரு பங்குகளையும் இணைத்த வாசல் செங்கல் வைத்து அடைக்கப்பட்டது, நிலையின் மேற்கட்டை மட்டும் பூச்சுக்குள் தங்கிவிட்டது. ஓதம் ஏறிய சுவரைச் சீராக்கச் செலவாகும் என்பதால் அதன் முன்னே ஒற்றைச் செங்கல் தடிப்பில் இன்னொரு சுவர் எழுந்தது. விறகடுப்பு போய் எரிவாயு வந்ததும் புகைபோக்கி அடைபட்டது. குழாய்நீர் வந்ததும் முற்றத்துக் கிணறு மூடப்பட்டது. வாசல் சரியான திசையில் இல்லை என்று யாரோ சொன்னதும் தலைவாசலே இடம் மாறியது. ஆகவே பழைய கட்டடத்தின் புதிரை அவிழ்க்க முற்படுவோர், சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு முன்னர், இச்சுவருக்கு முன்பு இங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று கேட்க வேண்டியவர்களாகின்றனர்.

இக்கேள்வி மிகப் பெரிய அளவில் கேட்கப்பட்ட இடம், இலங்கையின் மாத்தளை மாவட்டத்தில் தம்புள்ளைக்கு வடகிழக்கே சமவெளியிலிருந்து ஏறத்தாழ 180 மீட்டர் செங்குத்தாக உயர்ந்து நிற்கும் சீகிரியா. அதைக் கோட்டை என்றும் ஓவியக்கூடம் என்றும் உலக மரபுரிமைத் தலம் என்றும் சொல்வது வழக்கம், இம்மூன்றும் சரியே. ஆனால் மரபுவழி வரலாற்றின்படி அது முதன்மையாக ஒரு மனிதனின் வீடு. முதலாம் காசியப்பன் பொதுவாகக் கி.பி. 477 முதல் 495 வரை எனக் கணிக்கப்படும் தன் ஆட்சிக்காலத்தில் அநுராதபுரத்தை விட்டு இப்பாறையின் உச்சியில் ஏறக்குறைய ஒன்றரை ஹெக்டேயர் பரப்பில் அரண்மனை அமைத்து, அடிவாரத்தில் தோட்டங்களும் அகழிகளும் மதில்களும் வகுத்து வாழ்ந்தான். அவன் மாண்டபின் அவ்விடம் பௌத்த பிக்குகளின் உறைவிடமாகிப் பின்னர் காட்டுக்குள் மறைந்தது. அவ்வீட்டின் கூரை இன்று இல்லை, மேற்சுவர்கள் இல்லை, வாயிலின் முகப்பு இல்லை. எஞ்சியிருப்பவற்றைக் கொண்டு இல்லாதவற்றை ஊகித்தறியும் பணியே கடந்த நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அங்கே நடந்துவருகிறது.

சுவருக்குள் ஒரு மன்னன்

சீகிரியாவின் கதை ஒரு சுவரிலிருந்தே தொடங்குகிறது. மகாவம்சத்தின் தொடர்ச்சியாகப் பிற்காலத்தில் தொகுக்கப்பட்ட பாலி வரலாற்று நூலான சூளவம்சம், காசியப்பனின் தந்தையும் காலவாவி என்னும் பெருங்குளத்தைக் கட்டுவித்தவனுமான தாதுசேனனின் முடிவை விவரிக்கிறது. மன்னனின் மருமகனும் படைத்தலைவனுமான மிகாரன், தன் தாய்க்கு இழைக்கப்பட்ட கொடுமைக்குப் பழிதீர்க்க எண்ணிக் காசியப்பனோடு சேர்ந்து ஆட்சியைக் கைப்பற்றியபின், தாதுசேனன் தன் செல்வத்தை இளைய மகன் மொகல்லானனுக்காக ஒளித்து வைத்திருப்பதாகக் காசியப்பனை நம்பவைத்தான். புதையலைக் காட்டும்படி வற்புறுத்தப்பட்ட முதிய மன்னன் காலவாவிக்குச் சென்று, அதன் நீரில் இறங்கி நீராடி, தன்னிடமுள்ள செல்வம் இதுவே என்று காட்டினான். சினந்த மிகாரன் அவனை விலங்கிட்டுக் கிழக்கு முகமாகச் சுவரோடு சேர்த்து வைத்து மண்ணால் பூசி மூடினான் என்பது அந்நூலின் கூற்று.

நிகழ்வு நடந்து பல நூற்றாண்டுகள் கழிந்தபின், பிக்குகளின் கண்ணோட்டத்தில் எழுதப்பட்ட நூல் அது என்பதால் அதன் ஒவ்வொரு விவரத்தையும் நேரடிச் சாட்சியமாகக் கொள்வதற்கில்லை. எனினும் மறைவான சுவர்களைப் பற்றிய மனித எண்ணத்தை இக்கதை கூர்மையாகப் பதிவுசெய்கிறது. ஒளித்துவைத்த பொன் எங்கோ இருக்கிறது என்று நம்பியவன் கண்முன் பரந்துகிடந்த நீரைச் செல்வமாகக் காணவில்லை. சீகிரியாவை இன்று ஆராய்வோர் கண்டறிந்த பெருமைகளுள் பல நீரைப் பற்றியவை என்பதும், அந்நீர்ப்பொறிகளை அமைப்பித்தவனாகக் கருதப்படுபவன் அதே காசியப்பன் என்பதும் இங்கே நினைக்கத்தக்கவை.

பாறையில் வெட்டிய காடிகள்

சீகிரியாவின் மேற்குப் பக்கத்தில் நீர்த்தோட்டத்தைக் கடந்து உள்ளே செல்வோர் பெரும் பாறைக்குண்டுகள் நிறைந்த பகுதியை அடைகின்றனர். அப்பாறைகளை நெருங்கிப் பார்த்தால் அவற்றின் சரிந்த முகங்களில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிபோல ஏறும் ஆழமற்ற வெட்டுகள் தெரியும். கால்வைத்து ஏறுவதற்காக வெட்டியவை என்றே பலர் முதலில் எண்ணுவர். ஆனால் காலடி பொருந்தாத அளவில் குறுகியும் ஆள் ஏறத் தேவையற்ற இடங்களில் வளைந்தும் அவை செல்கின்றன. உண்மையில் அவை செங்கற்சுவருக்கான அத்திவாரம். சரிவான வழுக்குப்பாறையின்மேல் செங்கல்லை நேரே அடுக்கினால் பாரம் ஏறஏறச் சுவர் கீழே நழுவும். ஆகவே கல்தச்சர் பாறையின் முகத்தில் சமதளமான பற்களை வெட்டி, ஒவ்வொரு பல்லிலும் செங்கல் வரிசை உட்கார்ந்து பாரத்தை நேர்கீழாகப் பாறைக்குள் இறக்கும்படி செய்தனர். சுவர் உதிர்ந்து மண்ணாகிவிட்டது. அது உட்கார்ந்த இடம் மட்டும் பாறையில் நிற்கிறது.

இவ்வெட்டுகளோடு சதுரக் குழிகளும் காணப்படுகின்றன. அவை மரத்தூண்களும் விட்டங்களும் பொருந்திய கால்குழிகள். வெட்டுகளையும் குழிகளையும் வரைபடத்தில் குறித்து இணைத்தபோது, இன்று வெறும் பாறையாக நிற்கும் ஏறக்குறைய ஒவ்வொன்றும் ஒருகாலத்தில் செங்கல்லாலும் மரத்தாலுமான ஒரு மண்டபத்தின் அடித்தளமாகவோ பின்சுவராகவோ இருந்ததை ஆய்வாளர் உணர்ந்தனர். அங்கே ஒரே பாறை இரண்டாகப் பிளந்ததன் விளைவான இரு துண்டுகள் உள்ளன. நின்ற துண்டின் உச்சியில் நீர்த்தொட்டி வெட்டப்பட்டது. சாய்ந்து விழுந்த துண்டின் தட்டையான முகம் செதுக்கிச் சமன்செய்யப்பட்டு, அதே பாறையிலிருந்து நீண்ட ஆசனமும் வடிக்கப்பட்டது. இயற்கையின் விபத்தைக் கட்டடத்தின் உறுப்பாக ஏற்றுக்கொண்ட இந்த அணுகுமுறையை அறியாதவர், பாறையின் உச்சியில் தனித்துக் கிடக்கும் தொட்டியைக் கண்டு காரணம் புரியாமல் திகைப்பர்.

வேறொரு வகை வெட்டு இவற்றினும் பழமையானது. குகைகளின் மேல்விளிம்பில், புருவம்போல நீளவாக்கில் ஓடும் காடி ஒன்று உண்டு. பாறையின் வெளிமுகத்தில் வழிந்துவரும் மழைநீர் குகையின் உட்புறத்துக்குள் புகாமல் அவ்விளிம்பிலேயே சொட்டிவிடச் செய்வது அதன் வேலை. காசியப்பனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, கி.மு. 3ஆம் நூற்றாண்டு முதலாகப் பிக்குகள் தங்கிய குகைகளில் இக்காடிகள் வெட்டப்பட்டு, அவற்றின் கீழே குகையைத் தானம் செய்தோரின் பெயர்கள் பிராமி எழுத்தில் பொறிக்கப்பட்டன. மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளத்தில் சமண முனிவர் தங்கிய குகைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதன்று. அங்கும் காடியும் அதனருகே தமிழ் பிராமிக் கல்வெட்டும் உள்ளன. ஆக, சீகிரியாவில் ஒரே பாறையின்மேல் துறவியின் காடியும் மன்னனின் சுவர்ப்பல்லும் அருகருகே இருக்கின்றன. பழைய வீடு ஒன்றில் தாத்தா வைத்த மாடத்தையும் பேரன் வைத்த மின்பெட்டியையும் ஒரே சுவரில் காண்பதைப் போன்றது இது. இரண்டையும் ஒரே காலத்தவை என்று கொண்டால் அவ்வீட்டின் வரலாறு முழுவதும் பிழையாகிவிடும்.

மறைப்பதற்கென்றே ஒரு சுவர்

பாறையின் மேற்கு முகத்தின் நடுவுயரத்தில் செங்குத்தான பாறைக்கும் பள்ளத்துக்கும் இடையே ஒரு நடைபாதை செல்கிறது. அதன் வெளிப்புற ஓரத்தில் நிற்பதே கண்ணாடிச் சுவர் என்று பெயர்பெற்ற செங்கற்சுவர். ஆளுயரத்தை மிஞ்சிய அதன் உட்புறம் மிகநுண்ணிய சுண்ணச்சாந்தால் பூசப்பட்டு, முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றப்பட்டது. சாந்தில் முட்டையின் வெண்கருவும் தேனும் சேர்க்கப்பட்டன என்பது மரபுவழிச் செய்தி. ஏறத்தாழ நூறு மீட்டர் நீளம் இன்றும் எஞ்சியுள்ளது. பதினைந்து நூற்றாண்டுகளின் வெயிலையும் பருவமழையையும் தாங்கிய அப்பூச்சின் சில பகுதிகள் இன்னும் வழவழப்பாகவே உள்ளன.

அச்சுவருக்குப் பின்னால் ஒளித்துவைத்த அறை எதுவும் இல்லை, வெட்டவெளி மட்டுமே. ஆயினும் கட்டடக்கலை நோக்கில் அது மறைப்புச்சுவரே. பாதையில் நடப்போருக்குக் காலடியில் விழும் பள்ளத்தை அது மறைக்கிறது. சமவெளியின் காட்சியை அது மறைக்கிறது. அதனால் கண் வேறு வழியின்றிப் பாறையின் பக்கமே திரும்பி, உயரே குழிவான முகத்தில் தீட்டப்பட்ட பெண்களின் ஓவியங்களில் சென்று நிற்கிறது. இன்று ஒரு குழிவில் இருபதுக்குச் சற்று அதிகமான உருவங்களே எஞ்சியிருப்பினும், ஒருகாலத்தில் பாறையின் மேற்கு முகத்தின் பெரும்பகுதி பூச்சாலும் ஓவியத்தாலும் மூடப்பட்டிருந்திருக்கும் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தொல்லியலாளர் ஜான் ஸ்டில் கருதினார். இப்போது அவ்வோவியங்களை அடைய 20ஆம் நூற்றாண்டில் பொருத்தப்பட்ட இரும்புச் சுழற்படி பயன்படுகிறது. அது பார்ப்போரை ஓவியத்தின் முன் கொண்டு நிறுத்துகிறது. ஆனால் மூல அமைப்பில் அவை கீழிருந்து அண்ணாந்து பார்க்கப்பட்டவை என்னும் உண்மையை மறக்கச் செய்துவிடுகிறது.

சுவர் தன் முதல் வேலையை இழந்தபின் இரண்டாவது வேலை ஒன்றைப் பெற்றது. அரண்மனை கைவிடப்பட்டபின் அங்கு வந்த பயணிகள் அதன் மெருகேறிய முகத்தில் கூர்முனையால் தம் பாடல்களைக் கீறினர். எழுத்தமைதியைக் கொண்டு அவற்றுள் பெரும்பாலானவை கி.பி. 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையானவை என வகுத்து, 685 பாடல்களை அறிஞர் செனரத் பரணவிதான 1956இல் நூலாகப் பதிப்பித்தார். பழஞ்சிங்கள மொழியின் வளர்ச்சியை ஆராய்வோருக்கு இன்று அது ஒரு முதன்மைச் சான்று. ஒரு சுவர் எதற்காகக் கட்டப்பட்டது என்பதும் எதற்காக மதிக்கப்படுகிறது என்பதும் வெவ்வேறாக இருக்கக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. முதல் நோக்கம் முடிந்துவிட்டதென்று யாரேனும் அச்சுவரை இடித்திருந்தால், அடுத்த நோக்கத்தின் செல்வம் முழுவதும் தூளாகியிருக்கும்.

சிங்கத்தின் வயிற்றுக்குள் படிக்கட்டு

மேற்கத்தியர் இப்பாறையைப் பற்றி விரிவாக எழுதத் தொடங்கியது, 1831இல் இங்கு வந்த பிரித்தானியப் படை அதிகாரி ஜொனதன் ஃபோர்ப்ஸின் குறிப்புகளுக்குப் பின்னரே. முறையான அகழ்வை 1890களில் தொடங்கியவர் இலங்கையின் முதல் தொல்பொருள் ஆணையாளரான எச்.சி.பி. பெல். சீகிரியாவின் பெயருக்கே அடிப்படையான சிங்கம் எங்கே என்பது அவர் காலம்வரை விடைகாணாத கேள்வி. காசியப்பன் சிங்க வடிவில் படிக்கட்டு அமைத்தான் என்று சூளவம்சம் கூறியிருந்தும், பாறையில் எங்கும் சிங்க உருவம் செதுக்கப்பட்டிருக்கவில்லை. வடக்குப் பக்கத்து மேடையில் குவிந்திருந்த செங்கல் இடிபாடுகளைப் பெல்லின் ஆட்கள் அகற்றியபோது, நகங்களோடு கூடிய இரண்டு மாபெரும் பாதங்கள் வெளிப்பட்டன. சிங்கம் கல்லால் செதுக்கப்பட்டதன்று. செங்கல்லால் கட்டிச் சுதையால் வடிவு கொடுக்கப்பட்டது என்பது அப்போதே புலனாயிற்று.

பாதங்களுக்கு மேலே பாறை முகத்தில் தெரியும் வெட்டுகள் மீதியை விளக்குகின்றன. சிங்கத்தின் முன்னங்கால்களுக்கிடையே நுழைந்த படிக்கட்டு, அதன் உடலாகிய செங்கற்கட்டுக்குள் மறைந்து மேலேறிப் பாறையின் உச்சிக்குச் சென்றது. தூரத்திலிருந்து பார்ப்பவர் கண்டது பாறையிலிருந்து வெளிப்படும் விலங்கை. வீட்டுக்குப் போகிறவர் கண்டது படியை. முகப்பு ஒன்றைக் காட்டி வழியை உள்ளே ஒளித்த இவ்வமைப்பில் தலையும் உடலும் சரிந்துபோக, இன்று இரும்புப் படிகள் பொருத்தப்பட்டுள்ளன. நூலின் சொல், பெயரின் வழக்கு, செங்கற்குவியல், பாறையின் வெட்டு ஆகிய நான்கும் தனித்தனியே எதையும் நிறுவவில்லை. நான்கும் ஒன்றையொன்று தாங்கியபோதே புதிர் அவிழ்ந்தது.

தரைக்குள் ஓடும் நீர்

சுவர்களுக்கு அடுத்தபடியாகப் பழைய கட்டடங்களில் மறைந்து கிடப்பவை நீர்வழிகள். தரைக்கடியில் கல்லாலோ செங்கல்லாலோ மூடிக்கட்டிய நீர்வழியைச் சுருங்கை என்பது பழந்தமிழ் வழக்கு. சீகிரியாவின் மேற்குத் தோட்டத்தில் வட்டமான சுண்ணக்கல் தட்டுகளில் ஒழுங்கான இடைவெளியில் துளைகள் இடப்பட்டுள்ளன. தரையோடு தரையாகப் பதிந்திருக்கும் இவை அலங்காரமோ வடிகாலோ என்று ஐயுறத்தக்கவை. ஆனால் தட்டுக்கடியில் சுருங்கை வந்து முடிகிறது. உயரமான இடத்துத் தேக்கத்திலிருந்து இறங்கும் நீர் மூடிய வழியில் அடைபட்டு வருவதால் அதற்கு அழுத்தம் சேர்கிறது. அந்த அழுத்தமே துளைகள் வழியே நீரை மேல்நோக்கிப் பீச்சுகிறது. இறைப்பொறியோ ஆள்வலுவோ வேண்டாத இந்த நீரூற்றுகள் மழைக்காலத்தில் இன்றும் செயற்படுவது, சுருங்கைகளின் சரிவு எவ்வளவு துல்லியமாகக் கணிக்கப்பட்டது என்பதற்குச் சான்று.

1982இல் யுனெஸ்கோ சீகிரியாவை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அதே காலத்தில் கலாசார முக்கோணம் என்னும் தொல்லியல் திட்டத்தின்கீழ் பேராசிரியர் சேனக பண்டாரநாயக்கவின் தலைமையில் தொடங்கிய அகழ்வில், நுழைவாயிலுக்கு அண்மையில் மண்ணுக்கடியில் முற்றாக மறைந்திருந்த சிறு நீர்த்தோட்டம் ஒன்று வெளிப்பட்டது. நெளிந்தோடும் ஆழமற்ற நீரோடைகளும் சிறு மண்டபங்களின் அடித்தளங்களும் கொண்ட அது, ஒரே காலத்தில் கட்டி ஒரே காலத்தில் கைவிடப்பட்டதன்று. வெவ்வேறு காலத்து மாற்றங்களின் அடுக்குகள் அதில் உள்ளன. இத்தோட்டத்தின் அமைப்பு இடமும் வலமும் ஒத்தது என்பதால், வடபாதியில் உள்ளதற்கு இணையானது தென்பாதியிலும் மண்ணுக்கடியில் இருக்க வேண்டும். ஆயினும் அத்தென்பாதி தோண்டப்படவில்லை. தோண்டுதல் என்பது ஒருமுறை மட்டுமே செய்யக்கூடிய வாசிப்பு. அடுக்குகளை நீக்கியபின் அவற்றை மீண்டும் அடுக்க இயலாது. இன்றைய கருவிகளுக்கு எட்டாத கேள்விகளுக்கு நாளைய கருவிகள் விடைகாணக்கூடும் என்னும் எண்ணத்தில் ஒரு பகுதியைத் தொடாமல் விட்டுவைப்பது தொல்லியலில் ஏற்கப்பட்ட நெறி.

பொறியா, தாங்குகல்லா?

விளங்காத அமைப்புக்கு மக்கள் முதலில் தரும் விளக்கம் பெரும்பாலும் போர் அல்லது புதையல். சீகிரியாவில் சிறு கற்களின்மேல் முட்டுக்கொடுக்கப்பட்டதுபோல் நிற்கும் பெரும்பாறை ஒன்று உண்டு. பகைவர் ஏறிவரும்போது முட்டுக்கல்லைத் தட்டிவிட்டால் பாறை உருண்டு அவர்களை நசுக்கும் என்று வழிகாட்டிகள் சொல்கின்றனர். சரியும் பாறையைத் தாங்கி நிறுத்தவும் அதே முட்டுக்கற்கள் உதவும் என்பதால், இக்கதை உண்மையாக இருக்கலாம் என்பதற்கு அப்பால் அவ்வமைப்பு எதையும் நிறுவுவதில்லை. ஓர் அமைப்பு ஒரு வேலையைச் செய்யக்கூடியது என்பது, அவ்வேலைக்காகவே அது செய்யப்பட்டது என்பதற்குச் சான்றாகாது.

உண்மையான மறைவிடங்கள் இல்லாமலில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தின் தக்கலைக்கு அருகே, 1795வரை திருவிதாங்கூரின் தலைநகராக விளங்கிய பத்மநாபபுரத்தின் அரண்மனையில், ஆபத்துக் காலத்தில் அரச குடும்பம் சாரோட்டு அரண்மனைக்குத் தப்பிச் செல்வதற்கென அமைந்த சுரங்கவழி ஒன்று சொல்லப்படுகிறது. அது இப்போது அடைபட்டுள்ளது. இங்கிலாந்தில் கத்தோலிக்கக் குருமார் வேட்டையாடப்பட்ட 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், நிக்கலஸ் ஓவன் என்னும் தச்சர் பெருவீடுகளின் படிக்கட்டுக்கு அடியிலும் புகைபோக்கிக்குப் பின்னாலும் அவர்களுக்கான ஒளிவிடங்களை அமைத்தார். 1606இல் இலண்டன் கோபுரச் சிறையில் சித்திரவதையில் இறக்கும்வரை அவர் அவற்றின் இடங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆம்ஸ்டர்டாமில் யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் குடும்பம் 1942 முதல் 1944வரை ஒளிந்திருந்த பின்கட்டின் வாசலைப் புத்தக அலுமாரி ஒன்று மறைத்திருந்தது. இம்மூன்றிலும் யார் ஒளிந்தார், யாருக்கு அஞ்சி ஒளிந்தார் என்பதைக் கட்டடத்துக்கு வெளியேயுள்ள வரலாறும் சொல்கிறது. ஒரு சுவருக்குப் பின்னால் கள்ள அறை இருக்கிறது என்று கருதுமுன் அந்த அச்சம் யாருடையது என்று கேட்டால், பெரும்பாலான ஊகங்கள் அங்கேயே நின்றுவிடும்.

எல்லாத் தடயங்களும் கையில் இருந்தும் அறிஞர் வேறுபடுவதுண்டு. சீகிரியாவின் பெண் ஓவியங்களைப் பெல் அருகிலுள்ள பிதுரங்கல விகாரைக்கு மலரேந்திச் செல்லும் அரசமகளிராகக் கண்டார். ஆனந்த குமாரசுவாமி அவர்களை அரம்பையராகக் கொண்டார். பரணவிதான மேகமும் மின்னலும் பெண்ணுருக் கொண்டவை என்றார். காசியப்பன் தன்னைக் குபேரனாகவும் பாறையை அவனது அளகாபுரியாகவும் காட்ட முயன்றான் என்பது அவரது கொள்கை. முன்னாள் தொல்பொருள் ஆணையாளர் ராஜா டி சில்வா இவை அனைத்தையும் மறுத்து, உச்சியில் இருந்தது அரண்மனையே அன்று, முழு வளாகமும் பௌத்த மடமே, ஓவியங்கள் தாரா என்னும் தேவியைக் குறிப்பவை என்று வாதிட்டார். பெரும்பாலான ஆய்வாளர் அவரது முடிவை ஏற்கவில்லை. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி பயனுள்ளது, ஏனெனில் வீடு என்று முன்கூட்டியே முடிவுசெய்தவருக்கு ஒவ்வொரு மேடையும் படுக்கையறையாகத் தோன்றும்.

வீட்டுக்கு வரும் பாடம்

இம்முறைகளுள் பலவற்றைச் சாதாரணப் பழைய வீட்டுக்கும் பயன்படுத்தலாம். முதலில் அளவு: ஒவ்வோர் அறையின் உள்நீளத்தையும் இடைச்சுவர்கள், வெளிச்சுவர்கள் ஆகியவற்றின் தடிப்பையும் கூட்டி வெளிநீளத்தோடு ஒப்பிட வேண்டும், கணக்கு உதைக்கும் இடத்தில்தான் மூடிய வெளி இருக்கும். அடுத்து ஒளி: இருட்டியபின் கைவிளக்கைச் சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால், பகலில் தெரியாத பூச்சின் மேடுபள்ளங்களும் அடைத்த வாசலின் செவ்வக விளிம்பும் நிழலாக எழும். மூன்றாவது செங்கல்: காலத்துக்குக் காலம் செங்கல்லின் அளவு மாறும் என்பதால், ஒரே சுவரில் இரு அளவுச் செங்கற்கள் இருப்பின் அங்கே இரு காலங்கள் சந்திக்கின்றன. நீர்ப்பாசனப் பொறியாளர் ஹென்றி பார்க்கர் 1909இல் வெளியிட்ட பழைய இலங்கை பற்றிய நூலில் செங்கல்லின் அளவைக் கொண்டே கட்டடங்களின் காலத்தைக் கணிக்க முயன்றார். நான்காவது கேள்வி: அவ்வீட்டில் வேலைசெய்த பழைய மேசனோ, பங்காளி வீட்டு மூத்தவரோ, பாகப்பத்திரமோ விடையை ஏற்கெனவே வைத்திருக்கக்கூடும்.

உடைக்காமல் பார்க்கும் கருவிகளும் இன்று பெருகியுள்ளன. சுவரின் வெப்ப வேறுபாட்டைப் படமாக்கும் ஒளிப்படக்கருவி அடைத்த சன்னலைக் காட்டும். நிலத்தடி ரேடார் மூடிய கிணற்றைக் காட்டும். விரல் நுழையும் துளையில் செலுத்தும் நுண்கமரா உள்வெளியைக் காட்டும். விண்ணிலிருந்து வரும் மியூவான் என்னும் துகள்கள் கல்லை ஊடுருவும் அளவைக் கணக்கிட்டு, எகிப்தின் கூஃபு பிரமிட்டுக்குள் அதுவரை அறியப்படாத பெரிய வெற்றிடம் இருப்பதை 2017இல் ஆய்வாளர்கள் ஒரு கல்லையும் நகர்த்தாமல் அறிவித்தனர்.

இதற்கு நேர்மாறானது புதையல் வேட்டை. இலங்கையில் பழைய தூபிகளும் பாறைக் கல்வெட்டுகளும் பொன் தேடுவோரால் உடைக்கப்படும் செய்திகள் அடிக்கடி வெளிவருகின்றன. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் உரிமமின்றித் தொல்பொருள் தேடித் தோண்டுவதைக் குற்றமாக்கியுள்ளது. தனியார் வீட்டுச் சுவர் பெரும்பாலும் இச்சட்டத்துக்குள் வராது. ஆனால் அதை உடைக்கும்போது இழக்கப்படுவது ஒரே வகையானது: எந்தப் பூச்சின்மேல் எந்தப் பூச்சு, எந்த வாசலுக்குப்பின் எந்தச் சுவர் என்னும் வரிசை. சுவருக்குப் பின்னால் பொருள் எதுவும் கிடைக்காதபோது, அந்த வரிசை ஒன்றே அங்கிருந்த செல்வம் என்பது உடைத்தபின்னரே தெரியவரும்.

ஆகவே சுவரைத் திறந்தே ஆகவேண்டிய நிலையில் உள்ளவர் செய்யத்தக்கது எளியது. திறப்பதற்கு முன்னும் பின்னும் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, நாளும் காரணமும் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிடலாம். புதிதாக ஒரு சுவரை எழுப்புபவரும் அவ்வாறே குறித்துவைக்கலாம். காசியப்பனின் கல்தச்சர் அப்படி எழுதிவைத்த குறிப்பு எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை, அதனால் அவர்கள் வெட்டிய பற்களின் பயனைக் கண்டறிய அறிஞர் தலைமுறைகள் தேவைப்பட்டன. ஒரு தாளில் நான்கு வரி எழுதுவதால் அடுத்து அவ்வீட்டுக்கு வருபவருக்கு அந்த உழைப்பு மிச்சமாகும்.